கரண்ட் போன பதினோரு மத்தியானங்கள்

வீட்டை விட்டுப் போய்விடுவது என்று எழிலரசன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆறிப்போன குழம்பின் முன்னால். ஐம்பத்து மூன்று வயதில் எடுக்கிற முடிவு லேசுப்பட்டதல்ல. இருபது வயதில் ஓடிப்போகிறவனுக்கு ஒரு மஞ்சள் பை போதும். இவருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும், ரத்தக் கொதிப்பு மாத்திரை வேண்டும், முதுகுக்குத் தடவும் தைலம் வேண்டும். அதெல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தவள் அவர் மனைவி தனக்கொடி ஒருத்திதான். அவளைக் கேட்காமல் கிளம்ப முடியாது. கேட்டால் எங்கே போகிறீர்கள் என்பாள்.

அவர் போகவேண்டியதற்கான காரணம் முன் அறையில், மேசைமேல், பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது ஒரு கம்ப்யூட்டர்.

மகள் அருள்மொழியின் படிப்புக்காக மகளிர் குழுவில் கடன் போட்டு வாங்கியது. படிப்பு முடிந்து, திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அவள் விடுதிக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் போகவில்லை. தனக்கொடி ஒருநாள் சும்மா உட்கார்ந்து பக்கத்து வீட்டு மணியம்மாளுக்கு முதியோர் பென்ஷன் மனு ஒன்றை டைப் அடித்துக் கொடுத்தாள். மனு பலித்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் பென்ஷன், ரேஷன் கார்டு, பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ் என்று எது வேண்டியவர்களும் எழிலரசன் வீட்டு வாசலில்தான் செருப்பை விட்டார்கள். முன் அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. நாலிலும் எப்போதும் ஆள் இருந்தது. வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இதில் ஒரு பழைய காயமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பாகூரில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்கள். தனக்கொடி ஹையர் பாஸ். எழிலரசன் லோயரில் மூன்று முறை ஃபெயில். நிலம் இருக்கிறவனுக்கு டைப்ரைட்டிங் எதற்கு என்று அவர் அப்போது சொன்னார். இருபத்தேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இப்போது ஊரே வந்து அவர் வீட்டில் அந்தப் பதிலைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

அதைக்கூட மன்னித்திருப்பார். மன்னிக்க முடியாதது ஒரே ஒரு வார்த்தை. கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, சேற்றுக் காலோடு, வயிறு காந்த வந்து நிற்பார்.

"தனம், சோறு போடு."

"ஒரு நிமிஷம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். விரல் நிற்காது. அந்த ஒரு நிமிஷத்தில் எழிலரசன் குளித்து, துண்டு மாற்றி, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, தொலைக்காட்சியில் ஒரு செய்தியை முழுதாகப் பார்த்துவிட்டு வந்தாலும் அவள் முடித்திருக்க மாட்டாள். கடைசியில் அவரே போய்ப் போட்டுக்கொள்வார். குழம்பு ஆறியிருக்கும். மனசு மட்டும் கொதிக்கும்.

எனவே போவது என்று முடிவாயிற்று. போவது என்றால் உண்மையிலேயே போவதில்லை. அந்த அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. ஒரு கடிதம் எழுதி வைக்கவேண்டும். அதைப் படித்து அவள் பதறவேண்டும். பதறி, கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிடுகிறேன், நீங்கள் இருங்கள் என்று அழவேண்டும். அவர் கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்துவிட்டு இருக்கவேண்டும். திட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

கடிதத்தைக் கையால் எழுதக்கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். கையால் எழுதினால் அது கோபம். டைப் அடித்தால் அது முடிவு. மூன்று வருஷமாக நின்றுகொண்டே பார்த்ததில் இந்த ஒன்றைக் கற்றிருந்தார். கையால் எழுதிய மனுவை அதிகாரிகள் மடித்து வைக்கிறார்கள், அடித்த மனுவைப் படிக்கிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் தனக்கொடி மத்தியானம் மொபெட்டை எடுத்துக்கொண்டு, சேர்ந்த மனுக்களைக் கொடுக்கப் பாகூர் போவாள். திரும்ப நாலு மணி ஆகும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் அவருக்கு. ஆனால் கடிதம் ஒரே நாளில் வந்துவிடாது. அடிக்கவேண்டும், அடித்ததை அழிக்கவேண்டும், மறுபடி அடிக்கவேண்டும். நடுவில் அவள் கண்ணில் பட்டுவிடக்கூடாது. கடிதத்தை மூடப்போனால் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டு மூன்று கட்டம் காட்டும். எதை அமுக்கினால் எங்கே போய் உட்காரும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை.

அதற்கும் வழி இருந்தது. போன ஐப்பசி மழையில், டிரான்ஸ்பார்மர் வெடித்து, காலையிலிருந்து தனக்கொடி அடித்து வைத்திருந்த மனுவெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் வில்லியனூரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆரோக்கிய பிரகாஷ் வந்து விளக்கினான்.

"சேவ் பண்ணாதது அதுக்கு ஞாபகத்துல மட்டும்தாங்க்கா இருக்கும். கரண்ட் போச்சுன்னா அந்த ஞாபகமும் போயிடும். அடிக்கடி இப்படிப் பட்டுன்னு நின்னா உள்ள இருக்கற டிஸ்க்கும் கெட்டுடும்."

எழிலரசன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தாய் மடிக்குப் போய்விட்டது. ஓடினார். கன்றைக் கட்டிவிட்டு வருவதற்குள் பிரகாஷ் பேசி முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். கேட்டது போதும் என்று எழிலரசன் நினைத்தார். கரண்ட் போனால் எல்லாம் போகும். நடையில் மீட்டருக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கட்டை இருக்கிறது. பிடுங்கினால் கரண்ட் போகும்.

முதல் கடிதம் அந்தச் செவ்வாய்க்கிழமையே தொடங்கியது. "தனக்கொடிக்கு, உன் கணவன் எழிலரசன் எழுதிக்கொள்வது" என்பதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு விரல் பழகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு முந்திய லோயர் எங்கோ உள்ளே உயிரோடுதான் இருந்தது. மனசில் இருந்ததெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தது. ஆறிய குழம்பு வந்தது. நாலு நாற்காலி வந்தது. அவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னபோது அவள் ஆதார் எண் என்ன என்று யாரையோ கேட்டது வந்தது. தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. எழுந்து ஓடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். திரை கறுத்துவிட்டது. வீட்டில் இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை உடனே கேட்டது அது ஒன்றுதான்.

தனக்கொடி உள்ளே வந்து மின்விசிறியைப் பார்த்தாள்.

"இன்னா, கரண்ட் இல்லியா?"

"இப்பதான் போச்சி."

பக்கத்து வீட்டில் மணியம்மாளின் மிக்ஸி சட்னி அரைத்துக்கொண்டிருந்தது. தனக்கொடி அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள். அவள் குழாயடியில் இருக்கும்போதே எழிலரசன் கட்டையை மாட்டினார். கரண்ட் வந்துவிட்டது என்று சத்தமாக அறிவித்தார். அவள் வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அடுத்து அதைப் போடுவது எப்போதும் அவள்தான்.

இப்படிப் பதினோரு மத்தியானம் நடந்தது. கடிதம் முடிந்தபாடில்லை. சில நாள் கோபம் கூடிப்போய்ப் பாதியில் மூச்சு வாங்கியது. சில நாள் எழுதும்போதே தன்மேல் இரக்கம் வந்து கண் மறைத்தது. ஏழாவது கடிதத்தில் எல்லை மீறிவிட்டார். உன்னைக் கட்டி நான் கண்ட சுகம் ஒன்றுமில்லை, அருள்மொழி பிறந்ததைத் தவிர இந்த இருபத்தாறு வருஷமும் வீண் என்று அடித்தார். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மொபெட் சத்தத்துக்குக் காத்திராமலே போய்க் கட்டையைப் பிடுங்கினார். எழுதியும் ஆயிற்று, எழுதாததுபோலவும் ஆயிற்று என்று மனசு லேசாகிவிட்டது. உண்மையில் அந்த மத்தியானங்கள் அவருக்குப் பிடித்துப்போயிருந்தன. மனைவியிடம் இருபத்தேழு வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொல்ல ஓர் இடம் கிடைத்திருந்தது. அந்த இடம் எதையும் திருப்பிச் சொல்லாது என்று நம்பினார்.

கம்ப்யூட்டர்தான் மெலிந்துபோனது. போட்டால் எழுந்திருக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. வட்டம் வட்டமாகச் சுற்றி, தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. பதினோராவது பிடுங்கலுக்குப் பிறகு கட்டையைத் திரும்ப மாட்டியபோது பெட்டிக்குள்ளிருந்து பொட்டென்று ஒரு சத்தமும், கருகிய வாடையும் வந்தன. ஆரோக்கிய பிரகாஷ் வந்தான். பவர் சப்ளை போய்விட்டது என்று வேறு மாட்டிக்கொடுத்து, யாராவது வேண்டுமென்றே அடிக்கடி மெயினை நிறுத்துகிறார்களா என்று கேட்டான். எழிலரசன் மாட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

"இல்லப்பா. எங்க வூட்டுக்கு மட்டும் கரண்ட் அப்படித்தான் போவுது" என்றாள் தனக்கொடி.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம். மத்தியானம் எழிலரசன் வயலிலிருந்து வந்தபோது நாலு நாற்காலியும் காலியாக இருந்தன. கம்ப்யூட்டர்மேல் துணி போர்த்தியிருந்தது. வாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கிற சோறு வைத்து, வஞ்சிர மீன் குழம்பும் வறுவலுமாகத் தனக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். செல்போன் இரண்டு முறை அடித்தது. அவள் எடுக்கவில்லை. எழிலரசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடிதம் வைக்காமலே காரியம் பலித்துவிட்டதே என்று எண்ணி இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டார்.

மோர் ஊற்றி அவர் இலையை மடித்ததும் தனக்கொடி எழுந்துபோய் ஒரு அட்டைக் கோப்பைக் கொண்டுவந்தாள். பட்டா மனுவுக்கெல்லாம் போடுகிற அதே கோப்பு, அதே சிவப்பு நாடா. மேலே அச்செழுத்தில் எழிலரசன் என்ற பெயரும் கதவு எண்ணும் இருந்தன. திறந்தாள். முதல் தாளில் "தனக்கொடிக்கு, உன் கணவன் எழிலரசன் எழுதிக்கொள்வது" என்று இருந்தது.

எழிலரசனுக்குக் கை ஈரமாகவே இருந்தது. கழுவப் போக எழுந்திருக்கவும் முடியவில்லை.

அவள் நிதானமாக விளக்கினாள். ஐப்பசியில் அந்தப் பிரகாஷ் வந்தபோது, இனிமேல் இவ்வளவு வேலை வீணாகக் கூடாது என்று கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்துகொடுத்திருந்தான். யாரும் சேவ் பண்ணாவிட்டாலும் அடித்ததை நிமிஷத்துக்கு ஒரு முறை அதுவே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்ப வந்ததும், உன்னுடையது இவ்வளவு மிஞ்சியிருக்கிறது, வேண்டுமா என்று ஓரத்தில் காட்டும். ஒழுங்காக மூடி, வேண்டாம் என்று அமுக்கியிருந்தால் ஒன்றும் தங்கியிருக்காது. பட்டென்று நின்றதைத்தான் அது பத்திரமாக வைத்திருந்து கொடுக்கும்.

"நீங்க கன்னுக்குட்டிய புடிக்கப் போயிட்டீங்க" என்றாள்.

பதினொன்றும் இருந்தன. ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தாள். லோயர் பரீட்சைத் தாள் நாலாவது முறையாகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவருக்கு.

"நாலாவது லெட்டர்ல 'ஆகவே நான்'ன்னு நின்னுடுச்சி. நான் வந்துட்டன் போல. ஆகவே நீங்க இன்னா?"

எழிலரசன் மடித்த இலையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

அவள் தாள்களைத் தள்ளி ஏழாவதை எடுத்தாள். அதைப் படிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். எழிலரசனுக்கு அந்த வரி மனப்பாடமாகத் தெரியும்.

"இதுல இருபத்தாறு வருஷம்னு அடிச்சிருக்கீங்க. இருபத்தேழு. திருத்திட்டன்." தாளின் ஓரத்தை விரலால் நீவினாள். "இத படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. நீங்க பாக்கல. கொழம்புல உப்பு கம்மின்னீங்க."

அது கோபத்தில் எழுதியது, மனசில் இல்லை என்று சொல்ல எழிலரசன் வாயெடுத்தார். எழுதியதே இருக்காது என்று நம்பி எழுதியது என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொன்னாலும் இன்னும் மோசமாகத்தான் விழும். அவமானத்தைவிட வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் உறுத்தியது. அவள் சாப்பிடாத அந்த ராத்திரியை அவர் எவ்வளவு தேடினாலும் ஞாபகத்தில் அகப்படவில்லை.

தனக்கொடி ஏழாவதை உள்ளே வைத்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டாள். மனு கொடுத்தவருக்கு முடிவு சொல்லுகிற குரல் அது. பதினோரு கடிதத்திலும் பொதுவாக இருக்கிற கோரிக்கை ஒன்றுதான், இந்த வீட்டில் ஒன்று கம்ப்யூட்டர் இருக்கவேண்டும் அல்லது நான் இருக்கவேண்டும் என்பது. அது நியாயமாகப் பட்டது. ஏற்றுக்கொண்டாகிவிட்டது. கிருமாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு கடை பிடித்திருக்கிறாள். புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டர் வீட்டை விட்டுப் போகிறது.

எழிலரசனுக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டோமா என்று ஒரு கணம் நினைத்தார்.

"அது போனா நானும் கூடப் போவணும். அதுக்குத் தானா டைப் அடிக்கத் தெரியாது. காலையில எட்டுக்குப் போனா வூடு வர ராத்திரி எட்டாவும்."

"அப்ப சோறு?"

தனக்கொடி ஒன்பதாவது தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். நாலாவது வரியில் கீழே கோடு போட்டிருந்தது. "எனக்குச் சோறாக்கத் தெரியும். மாடு கறக்கத் தெரியும். துணி துவைக்கத் தெரியும். உன் தயவு எனக்குத் தேவையில்லை" என்று இருந்தது. அவர் அடித்ததுதான். அன்றைக்கு உற்சாகம் மிகுந்து கீழே முழுப் பெயரும் முகவரியும்கூட அடித்திருந்தார்.

அக்கா வள்ளியம்மாள் வீட்டுக்குப் பண்டசோழநல்லூர் போய்விடுவேன் என்று கடைசித் தடுப்பாக முனகினார். அது ஆறாவது கடிதத்திலேயே இருக்கிறது என்றாள் தனக்கொடி. அக்காவுக்கு அப்போதே போன் பண்ணிக் கேட்டிருந்தாளாம். அறுப்பு நேரம், கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, தம்பி வந்தால் ரொம்ப உதவியாக இருக்கும் என்று அக்கா சொன்னாளாம்.

புதன்கிழமை கம்ப்யூட்டர் மினி லாரியில் ஏறிப் போயிற்று. நாலு நாற்காலியும் கூடவே போயின. முன் அறை அகலமாகிவிட்டது. எழிலரசன் அதன் நடுவில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார். கேட்க வீட்டில் ஆள் இல்லை. சாப்பாடு என்று கூப்பிட்டால் மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

முதல் வாரம் சோறு குழைந்தது. இரண்டாவது வாரம் அடிப்பிடித்தது. மூன்றாவது வாரம் ஒருநாள், சாம்பார் என்று சொல்லத்தக்க ஒன்று தானாகவே வந்துவிட்டது. அதை யாருக்காவது காட்டவேண்டும் என்று இருந்தது அவருக்கு. கடையில் அவள் ரொட்டியும் டீயுமாகப் பொழுதை ஓட்டுகிறாள் என்று மணியம்மாள் சொல்லியிருந்தாள். ஏழாவது கடிதத்துக்கு அவர் இன்னும் ஒரு பதிலும் சொல்லியிருக்கவில்லை. டைப் அடிக்கக் கம்ப்யூட்டர் இல்லை, வாயால் சொல்லப் பழக்கம் இல்லை. கேரியரில் சோறும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் என்று பஸ் பிடித்தார்.

கடை நிரம்பியிருந்தது. எழிலரசன் கேரியரைத் தூக்கிக் காட்டி, சோறு கொண்டுவந்திருக்கிறேன், சூடாக இருக்கிறது என்றார். தனக்கொடி திரும்பவில்லை. விரல் நிற்கவில்லை.

"ஒரு நிமிஷம். உக்காருங்க."

வாசலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர். பட்டா மாற்றம் ஒன்று, விதவை பென்ஷன் இரண்டு. கேரியர் மடியில் சுட்டது. பிறகு இதமாக இருந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, டியூப்லைட் அணைந்தது, எதிர்க் கடையில் பாட்டு பாதியில் அறுந்தது. உண்மையான கரண்ட் கட். எழிலரசன் ஃபியூஸ் கட்டையைத் தொடவே இல்லை. தெய்வமே பார்த்துப் பிடுங்கியது என்று மனசு துள்ளியது. இனி என்ன செய்வாள், எழுந்து வந்து சாப்பிடத்தான் வேண்டும். கேரியரைத் திறக்கப் போனார்.

மேசைக்கு அடியில் ஒரு புதுப் பெட்டி கீய் என்று ஒரு குரல் கொடுத்தது. திரை அப்படியே எரிந்தது. தனக்கொடி ஒரு எழுத்துகூட விடாமல் அடித்துக்கொண்டே போனாள். யு.பி.எஸ். வாங்கிவிட்டாள்.

கடைக்குள் புழுக்கம் ஏறியது. பென்ஷன் மனுக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தனக்கொடியின் கழுத்திலும் வேர்வை இறங்கியது. அவள் இடது கையை மட்டும் நீட்டி, மேசையோரம் கிடந்த ஒரு அட்டையை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

"சும்மாதான உக்காந்துக்கினு இருக்கீங்க. கொஞ்சம் வீசுங்க."

எழிலரசன் எழுந்துபோய் வாங்கிக்கொண்டார். சிவப்பு நாடா கட்டிய கோப்பு. மேலே அவர் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. அவள் பின்னால் நின்று வீசினார். பதினோரு கடிதமும் உள்ளேயே இருந்ததால் காற்று நன்றாக வந்தது.